பூஜ்யம் இருந்த கட்டங்கள்

ஞாயிறு காலை ஒன்பது ஐம்பத்திரண்டு. முதலில் கண்ணில் பட்டது ஒரு கட்டைவிரல். ஜெர்மனியில் நாங்கள் குடியிருக்கும் சிறு நகரத்தின் கத்தோலிக்கக் கோயில் வாசலில், சாம்பல் நிறக் கோட்டு அணிந்த ஒரு பெண் நின்றிருந்தார். அவர் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில் ஓர் உலோகக் கருவி. யாராவது உள்ளே நுழைந்தால் கட்டைவிரல் அதன் பொத்தானை ஒருமுறை அழுத்தும். முகத்தைப் பார்த்து வணக்கம் சொல்வார். விரல் தன் வேலையைத் தனியாகச் செய்யும். இங்கே ஆண்டில் இரண்டு ஞாயிறு இப்படி எண்ணுவார்கள். பூசைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று ஆயர், அதாவது பிஷப், ஆளும் மறைமாவட்டத்துக்குக் கணக்கு போகும். நான் நுழைந்தபோதும் விரல் அசைந்தது. என்னுடைய அரைகுறை ஜெர்மனில் கேட்டேன்: "என்னை எந்தப் பிரிவில் சேர்த்தீர்கள்?" வெளிநாட்டவர், பெண்கள் என்று ஏதாவது வகை இருக்கும் என்பது என் எண்ணம். அவருக்குக் கேள்வி விளங்கவில்லை. கருவியைத் திருப்பி எண்ணைக் காட்டினார். "பிரிவா? ஆள். நீங்கள் ஒரு ஆள்" என்றார்.

அந்த ஞாயிறு பிரசங்கம் எனக்குக் காதில் விழவில்லை. திருச்சியில் நான் பிறந்த பங்கில், அதாவது ஒரு கோயிலைச் சார்ந்த கத்தோலிக்க வட்டாரத்தில், ஒருவர் எந்த வகையான ஆள் என்பதைக் கேட்கும் ஒரு கேள்விக்காக மூன்று மாதம் சண்டை போட்டோம். அது முடிந்த விதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். பங்கின் பெயர் வேண்டாம். எடமலைப்பட்டி புதூரில் இருந்து பேருந்தில் போனால் சீக்கிரம் வந்துவிடும் என்பது போதும்.

நான் திருச்சியில் ஒரு நாளிதழில் பதினோரு ஆண்டுகள் நிருபராக இருந்தவள். கணவரின் வேலைக்காக ஜெர்மனி வந்தபின், திருச்சபை சார்ந்த ஒரு சிறிய சமூக ஆய்வு நிறுவனத்தில் பகுதி நேர வேலை கிடைத்தது. தமிழில் வரும் பதில்களை வாசித்து, எண்களாக்கி, கணினியில் ஏற்றுவது, ஆவணங்களைத் தமிழாக்குவது. அந்த நிறுவனமும் திருச்சி தென்னூரில் ஒரு மாடியில் இயங்கும் ஆய்வு மையமும் சேர்ந்து ஒரு கணக்கெடுப்பு நடத்தின. பங்கு வாழ்வில் பொதுமக்களின் பங்கேற்பு என்பது தலைப்பு. வீட்டில் செபமாலை சொல்கிறார்களா, பாடகர் குழுவில் யார், பங்குப் பேரவையில் யார் என்று நாற்பது கேள்விகள். சாதி என்று ஒரு கட்டம் கிடையாது. ஆனால் ஒவ்வொரு படிவத்தின் தலையிலும் அன்பியத்தின் பெயர் எழுத ஓர் இடம் இருந்தது. அன்பியம் என்பது பக்கத்துப் பக்கத்து வீடுகளைச் சேர்த்த செபக் குழு. ஒவ்வொன்றுக்கும் ஒரு புனிதரின் பெயர். எங்கள் ஊரில் பக்கத்துப் பக்கத்தில் யார் வீடு கட்டுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே புனிதரின் பெயரைச் சொன்னால் சாதியைச் சொல்ல வேண்டியதில்லை. இருபது ஆண்டுகளாக அப்படித்தான் பேசிக்கொள்கிறோம், மிக நாகரிகமாக.

இதைப் பயன்படுத்தியவர் சகாயம். சமூகவியலில் எம்.ஏ. படித்தவர், என்னைவிடப் பத்து வயது இளையவர், அதே பங்கின் கீழத்தெருக்காரர், தலித் கிறிஸ்தவர். தென்னூர் மையத்தின் கள ஆய்வாளராக வீடு வீடாகப் படிவங்களை நிரப்பியவர். அவர் கேட்டுப் பெற்றுச் சேர்த்தது பதினேழாம் கேள்வி: பெரிய வியாழன் வழிபாட்டில் உங்கள் குடும்பத்தில் யாருக்காவது குருவானவர் பாதம் கழுவியதுண்டா? ஈஸ்டருக்கு முந்தைய அந்த வியாழனன்று, இயேசு தம் சீடர்களுக்குச் செய்ததன் நினைவாக, பன்னிரண்டு அப்போஸ்தலர்களின் இடத்தில் பன்னிரண்டு ஆண்கள் பீடத்தின் முன் அமர்வதும், குரு முழந்தாளிட்டு அவர்கள் காலைக் கழுவித் துடைப்பதும் எல்லாப் பங்கிலும் நடப்பது. யாரைக் கூப்பிடுவது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. பேரவைச் செயலர் ஒரு சீட்டு எழுதித் தருவார், அவ்வளவுதான்.

சகாயம் தன் அப்பாவிடமே இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியிருந்தது. அந்தக் கதையை எனக்குச் சொன்னார்.

"'தெரிஞ்சுக்கிட்டேதானடா கேக்குற'ன்னு சிரிச்சாருக்கா. 'படிவத்துல இருக்குப்பா, வாயால சொல்லுங்க'ன்னேன். 'இல்லைன்னு எழுதிக்க. எழுதி என்ன ஆவப் போவுது?'ன்னாரு. புஸ்தகத்துல வரும்பா, ஆயருக்குப் போவும்னு சொன்னேன். தெரு பூரா இதைச் சொல்லித்தாங்க்கா பதில் வாங்கியிருக்கேன்."

நான் ஜனவரியில் திருச்சிக்குப் போனபோது அட்டவணை தயாராகிவிட்டது. அன்பியம் ஒரு பக்கம், ஆம் என்றவர்கள் மறுபக்கம். கீழத்தெருவின் மூன்று அன்பியங்களுக்கு எதிரே பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். எங்கள் கோயில் தெரு அன்பியத்தில் ஆம் என்றவர்கள் நிறைந்திருந்தார்கள். சகாயம் அந்த வரியில் பேனாவை வைத்தார்.

"உங்கப்பா மட்டும் ஏழு வாட்டிங்க்கா. செத்தும் அப்போஸ்தலர் பதவியில இருந்து எறங்கலை. இப்ப உங்க தம்பி."

ஒவ்வொரு பெரிய வியாழனும் பாதம் கழுவும் படத்தை மாவட்டப் பக்கத்துக்கு அனுப்பியவள் நான். படத்தின் கீழே பெயர்களைச் சரிபார்த்தவளும் நான். ஒரே முகங்கள் ஆண்டுதோறும் வருவதைப் பார்க்காமல் எழுத்துப்பிழை பார்த்திருக்கிறேன்.

தென்னூர் மையத்தின் இயக்குநர் ஒரு குருவானவர். ஐரோப்பாவில் முனைவர் பட்டம் பெற்றவர், மிருதுவாகப் பேசுகிறவர். அட்டவணையை இரண்டு முறை படித்தார்.

"பாருங்கம்மா, மனுஷனை சாதியா, வர்க்கமா, நம்பரா சுருக்கறதுதான் மேற்கத்திய சமூகவியலோட கோளாறு. நம்ம பார்வை வேற. மனுஷன் கடவுளோட சாயல். திருச்சபையில சாதி கிடையாது. இல்லாத ஒண்ணுக்கு எப்படிம்மா அட்டவணை போடறது?"

"ஃபாதர், முதல்ல பார், அப்புறம் தீர்ப்பிடு, அப்புறம் செயல்படுன்னு நீங்கதான் கிளாஸ்ல சொல்லிக்குடுத்தீங்க. நான் பாக்கறதோட நிக்கிறேன். மத்த ரெண்டையும் நீங்க செய்யுங்க" என்றார் சகாயம்.

"கோவத்துல ஆய்வு செய்யக் கூடாது தம்பி" என்றார் ஃபாதர்.

கத்தோலிக்கச் சிந்தனை சமூகவியலிடம் வைக்கும் குறை பொய்யானது என்று நான் சொல்ல மாட்டேன். மனிதன் கட்டங்களுக்குள் அடங்காதவன். மதிப்பீடு கலக்காத ஆய்வு என்று ஒன்று இல்லை. இருப்பதை எண்ணுவதோடு நின்றுவிட்டால் இருக்க வேண்டியதைக் கேட்கும் பழக்கம் போய்விடும். இவை நல்ல வாதங்கள். ஜெர்மனியில் வாசலில் நின்று தலைகளை எண்ணி, தொகை குறைந்துகொண்டே போவதை வண்ணப் படமாக அச்சிடும் ஆய்வாளர்களிடம் இவற்றைச் சொல்ல வேண்டும். ஆனால் இருக்க வேண்டியதை எடுத்து இருப்பதன் மேல் போர்த்திவிட்டு, கீழே ஒன்றுமில்லை என்று சொல்வது எந்த இறையியலிலும் வராது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே மையத்தின் அலமாரியில் ஃபாதரே எழுதிய ஒரு மனுவின் நகல்கள் அடுக்கியிருந்தன. மதம் மாறினாலும் சாதிக்கொடுமை போகவில்லை, ஆகவே தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதியில் சேருங்கள் என்று அரசைக் கேட்கும் மனு. அரசிடம் கேட்கும்போது சாதி உண்டு. ஆயருக்கு எழுதும்போது இல்லை. இரண்டையும் ஒரே கணினியில்தான் தட்டச்சு செய்திருக்கிறார்கள்.

அட்டவணையை நீக்குகிறேன் என்று ஃபாதர் சொல்லவே இல்லை. அவருக்கு அந்தத் தேவை வரவில்லை. என் மொழிபெயர்ப்பு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். தனிமனித விவரப் பாதுகாப்புக்காக ஜெர்மன் நிறுவனம் அனுப்பிய விதிகள். அதில் ஐந்தாவது: பத்துக்குக் குறைவான எண் வரும் கட்டத்தில் அந்த எண்ணை வெளியிடக் கூடாது, நட்சத்திரக் குறி இட வேண்டும். கொஞ்சப் பேர் இருக்கும் இடத்தில் யார் என்று கண்டுபிடித்துவிடலாம் என்பதால் வந்த விதி.

"பூஜ்யம் பத்தை விடக் கொறைச்சல்தானேம்மா? உங்க விதிதான். தமிழ்ல நீங்கதான் எழுதியிருக்கீங்க."

மறுநாள் காலை நானும் சகாயமும் ஸ்ரீரங்கம் பஸ் பிடித்தோம். ஆய்வின் புள்ளியியல் ஆலோசகர் வைதேகி மேடம் உத்திர வீதியில் இருக்கிறார்; கல்லூரியில் புள்ளியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். கோயிலில் சேவித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். விதியைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பூஜ்யத்துக்குள்ள ஆளே கிடையாதே. யாரோட அந்தரங்கத்தைக் காப்பாத்தறாராம் உங்க ஃபாதர்?"

சகாயம் சத்தமாகச் சிரித்தார். வைதேகி மேடம் சிரிக்கவில்லை.

"நாங்க ஜாதி இருக்கறதை இருக்குன்னு சொல்லி வாங்கிக் கட்டிண்டோம். நீங்க இல்லேன்னு ஜபம் பண்ணிண்டே இருக்கேள். அதான் வித்தியாசம்."

"மேடம், ஒண்ணு கேக்கட்டுமா? இந்த வீதியில எனக்கு வாடகைக்கு வீடு குடுப்பாங்களா?"

"மாட்டா" என்றார் உடனே. "அடுத்த ஆய்வுல அதையும் ஒரு கேள்வியா போடு. நானே அட்டவணை போட்டுத் தரேன்."

பூஜ்யத்துக்கு அந்த விதி பொருந்தாது என்று இரண்டு பக்கக் கடிதம் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு நான் ஜெர்மனி திரும்பினேன். ஆய்வுக்குப் பொறுப்பான பிரிகிட்டே நல்ல பெண்மணி, ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர். அட்டவணையையும் கடிதத்தையும் காட்டி ஒரு மணி நேரம் விளக்கினேன். சாதி என்பது இந்துக்களுடையது அல்லவா, இந்த அட்டவணையில் எல்லாரும் கத்தோலிக்கர்கள்தானே என்றார். மறுபடி விளக்கினேன். முகம் மலர்ந்தது.

"எங்கள் பங்கில் பாதம் கழுவப் பன்னிரண்டு பேர் கிடைக்காமல் பாதிரியார் கெஞ்சுகிறார். உங்கள் ஊரில் அந்த நாற்காலிக்கு இவ்வளவு போட்டியா? எவ்வளவு உயிருள்ள திருச்சபை!"

அவர் சொன்னதில் ஒரு பாதி உண்மை. நான் இங்கே வந்த இரண்டாம் ஆண்டு, ஆள் குறைகிறது என்று வாசலில் நிறுத்தி என்னையே கூப்பிட்டார்கள். பெயர் தெரியாத பதினொரு பேரோடு உட்கார்ந்தேன். பாதிரியார் என் காலுறையைக் கழற்றும்வரை காத்திருந்து, வெதுவெதுப்பான நீர் ஊற்றினார். எங்கள் வீட்டில் பெண்களுக்குக் கிடைக்காத மரியாதை என்று அன்று பெருமையாக அம்மாவுக்குப் போன் செய்தேன். கீழத்தெரு அன்றைக்கும் என் நினைவில் வரவில்லை.

விதி விதிதான் என்றார் பிரிகிட்டே கடைசியில். ஒரு கட்டத்துக்கு விலக்கு கொடுத்தால் எல்லாவற்றுக்கும் கொடுக்க வேண்டிவரும். வாசலில் ஆட்களை எண்ணிய அந்த ஞாயிறு கழிந்து இரண்டு வாரத்தில் அறிக்கை வந்தது, வழவழப்பான தாளில், இரு மொழியில். பதினேழாம் கேள்வியின் அட்டவணையில் மூன்று நட்சத்திரங்கள். அடிக்குறிப்பு: தனிமனித மாண்பைக் காக்கும் பொருட்டு. மொழிபெயர்ப்பு என்று என் பெயர் உள்ளட்டையில் இருந்தது. சகாயத்தின் பெயர் களப்பணியாளர்கள் என்ற சொல்லுக்குள் போயிருந்தது. ஒரு பிரதியை அவர் அப்பாவிடம் காட்டினாராம். 'நம்ம தெரு எங்கடா?' என்று கேட்டிருக்கிறார். சகாயம் நட்சத்திரத்தைத் தொட்டுக் காட்டியிருக்கிறார்.

அன்று என் தம்பி ஜெரால்டுக்குப் போன் செய்தேன்.

"இந்த வருஷம் நீ உக்காராதடா."

"அப்பா உக்காந்த எடம்க்கா."

"அதனாலதான் சொல்றேன்."

"எனக்குப் பதிலா யாரு?"

"சகாயத்தோட அப்பாவைக் கூப்புடச் சொல்லு."

"நீ அங்க உக்காந்துக்கிட்டு ஈசியா சொல்லிருவ. இங்க தெருவுல நான்தான் நடக்கணும்" என்றான். ஆனாலும் போய்ச் சொல்லியிருக்கிறான். பங்குக் குரு தலையசைத்திருக்கிறார்: "சரிப்பா, பாத்துக்கலாம்." தம்பி அந்தத் தலையசைப்பை நம்பிக் கீழத்தெருவுக்கும் போய்த் தகவல் சொல்லிவிட்டு வந்தான். நானும் நம்பினேன். அந்த மாதிரி தலையசைப்பு ஆளை அனுப்பிவைக்கத்தான் என்று பதினோரு ஆண்டு பேட்டி எடுத்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பெரிய வியாழன் மாலை திருச்சியில் வழிபாடு முடிந்தபோது இங்கே பிற்பகல். தம்பி படம் அனுப்பினான். அவன் விட்டுக்கொடுத்த நாற்காலியில் எங்கள் சித்தப்பா மகன் அமர்ந்திருந்தான். கேட்டால், செயலரின் சீட்டில் அப்படித்தான் இருந்ததாம். சகாயத்தின் அப்பா வெளுத்த வேட்டியோடு முன்கூட்டியே வந்து மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் இருந்தார் என்றும், கடைசிப் பெயர் வாசித்து முடியும்வரை எழவில்லை என்றும் தம்பி எழுதியிருந்தான். சகாயம் எனக்கு எதுவும் அனுப்பவில்லை.

அன்று மாலை நாங்கள் இங்குள்ள கோயிலுக்குப் போனோம். வாசலில் அதே சாம்பல் கோட்டுப் பெண், இந்தமுறை கருவி இல்லாமல், ஆள் குறைகிறது, உட்கார்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். கால் வலியா என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் பின் வரிசைக்குப் போனேன்.

பீடத்தின் முன் பன்னிரண்டு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஒன்பது பேர் வந்தார்கள்.