கடற்கரை நாவலும் என் அக்காவின் கோபமும்

கல்யாணமாகி இருபது வருடம் கழித்து மூன்று சகோதரிகள், வீட்டுக்காரர்களையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு, ஒரு வாரம் கடற்கரையில் வீடு எடுத்துத் தங்குகிறார்கள். சண்டை போடுகிறார்கள், சிரிக்கிறார்கள், மீன் வாங்கி ஏமாறுகிறார்கள். என் முதல் நாவலின் கதை இவ்வளவுதான். படிப்பவர்கள் சிரிக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நோக்கம் இருக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து, எங்கள் குவார்ட்டர்ஸ் சமையலறையில் உட்கார்ந்து இரண்டு வருடம் எழுதினேன்.

புத்தகம் வந்ததும் எங்கள் நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்பின் வாசகர் வட்டத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கருத்துக் கூட்டம் வைத்தார்கள். நான் புதுப்புடவை கட்டிக்கொண்டு போனேன்.

முதலில் எழுந்தவர் என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆசிரியை. "எனக்கு ஒரே ஒரு சந்தேகம். அந்த ஏழு நாளும் வீட்ல யாரு சமைச்சாங்க?" என்றார். அதை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் போனது. செகண்ட் ஷிஃப்ட் முடித்து வரும் ஆம்பளை எப்படிச் சமைப்பான் என்று ஒருவர் கேட்டார். கேண்டீன் இருக்கிறதே என்றார் இன்னொருவர். என் நாவலின் மூன்று சகோதரிகளும் கடற்கரையிலேயே காத்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து, மைன்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "நம்மளச் சுத்தி ஊர் ஊரா நெலம் சுரங்கத்துக்குப் போய்க்கிட்டு இருக்கு. நீங்க அலை, ஐஸ்கிரீம்னு எழுதியிருக்கீங்க. வருத்தமா இருக்கும்மா" என்றார். கம்மாபுரம் பக்கம் எங்கள் நிலமும் போய்த்தான் அப்பாவுக்குப் பெர்மனென்ட் வேலை கிடைத்தது. அந்த வீட்டிலும் நாங்கள் சிரித்துக்கொண்டுதான் வளர்ந்தோம். இதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். "அடுத்த புத்தகத்துல பாக்கறேங்க" என்றேன். எனக்கே என்மேல் எரிச்சலாக இருந்தது.

கடைசியில் கீழ்வீட்டுக்காரம்மா எழுந்தார். "பெரியக்கா கேரக்டர் சூப்பர்! கஞ்சம், வாய் ஓயாது, கடலுக்குப் போனாலும் குக்கரத் தூக்கிட்டுப் போவா. உங்க வடலூர் அக்காதான அது?"

அன்று அரங்கமே சிரித்தது அந்த ஒரு முறைதான்.

"இல்லங்க, அது எங்கக்கா இல்ல" என்றேன். ஒருவரும் நம்பவில்லை. திருச்செந்தூர் போனபோது குக்கரைப் பையில் திணித்துக்கொண்டு போனவள் நான். பெரியக்காவை என்னை வைத்துத்தான் எழுதினேன். என்னை நன்றாகத் தெரிந்த இத்தனை பேருக்கு அது தெரியவில்லை.

செய்தி மறுநாளே வடலூருக்குப் போய்விட்டது. அக்கா போனை எடுக்கவில்லை. பன்னிரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, புத்தகத்தோடு பஸ் ஏறினேன்.

அக்கா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். வா என்று சொல்லவில்லை.

"புத்தகத்தப் படிச்சியாக்கா?"

"நான் எதுக்குப் படிக்கணும்? ஊரே படிச்சிகினு சிரிக்குதே."

"இப்பப் படி. நான் சமைக்கறேன்" என்று புத்தகத்தை அவள் மடியில் வைத்துவிட்டு அவரைக்காயை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

பதினொரு மணிக்கு ஆரம்பித்தவள் சாப்பிடும்போதும் கீழே வைக்கவில்லை. இரண்டு முறை சிரித்தாள். நான் எட்டிப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாலு மணிக்குப் புத்தகத்தை மூடினாள்.

"இதுல நான் எங்கடி இருக்கேன்?"

"நீ இல்லக்கா. அதச் சொல்லத்தான் வந்தேன். பெரியக்கா நான்தான்."

"அது குக்கரப் பாத்ததுமே தெரிஞ்சிபோச்சு. நான் எங்கன்னு கேக்கறேன்." புத்தகத்தை என் கையில் திணித்தாள். "உனக்கு டைஃபாய்டு வந்தப்ப தோள்ல போட்டுகினு ஆஸ்பத்திரிக்கு ஓடனவ நானு. மூணு அக்கா தங்கச்சின்னு எழுதற, அதுல எனக்கு ஒரு எடம் இல்லியா?"

அவளை எழுதினால் கோபித்துக்கொள்வாள் என்று பயந்துதான் வேண்டுமென்றே விட்டேன். அதைச் சொன்னேன்.

"அப்புறம் என்னாத்துக்கு எழுதற?" என்றாள். காபி போட எழுந்து போனாள்.

திரும்பும் பஸ்ஸில் எனக்கு எல்லார் மேலும் கோபம். சோறு யார் ஆக்கியது என்று கேட்டவர்கள்மேல், கதையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சண்டைக்கு வரும் அக்காமேல், கூட்டத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் வந்த என்மேல்.

அக்கா இப்போது தினமும் போன் பண்ணுகிறாள். "ஆரம்பிச்சிட்டியா?" என்பதுதான் முதல் கேள்வி. அவளை வைத்து அடுத்த நாவலை ஆரம்பித்தேன். முதல் பக்கத்தை நாலு முறை எழுதிக் கிழித்தாயிற்று. டைஃபாய்டை எழுதினால் அழுகைக் கதையாகிறது. அவள் வாயை எழுதினால் கீழ்வீட்டுக்காரம்மாவின் சிரிப்பு காதில் விழுகிறது. "எழுதிகினே இருக்கேன்க்கா" என்று சொல்லிப் போனை வைத்துவிடுகிறேன்.