பட்டியலில் இல்லாத டிஸ்க்

சதுரங்கப்பட்டினம் குப்பத்தில் சங்கவியிடம் யாரும் எளிதில் வாய் கொடுக்க மாட்டார்கள். செங்கல்பட்டில் டிப்ளமோ முடித்து, கேளம்பாக்கத்தில் ஒரு கம்பெனியின் சர்வர் அறையில் ஆறு வருடம் வேலை பார்த்தவள். தான் வேலை கற்றுக்கொடுத்தவனையே தனக்கு மேலதிகாரி ஆக்கியதும், அன்றைக்கே வேலையை உதறிவிட்டு ஊருக்குப் பஸ் ஏறினாள்.

வந்தவள் சும்மா இருக்கவில்லை. மீனவர் சங்க அறையில் ஒரு பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் மென்பொருளை ஏற்றி, படங்களுக்கென்று தனியாக ஒரு டிஸ்க் மாட்டினாள். படகு நிற்கும் இடம், வலை காயும் மணல் என்று மாதாமாதம் எடுத்த படங்கள் எட்டு வருடமாக அதில் சேர்ந்தன. பக்கத்தில் வேலி போட்ட ரிசார்ட்காரர்கள் இந்த மணலை யாருமே பயன்படுத்தியதில்லை என்று மனு கொடுத்தபோது, குப்பத்துக்கு இருந்த ஒரே பதில் அந்தப் படங்கள்தான்.

அந்த மனுவின் விசாரணைக்கு முந்தின நாள் காலை, ஆன் செய்த கம்ப்யூட்டர் பாதியிலேயே நின்றது. அதற்கு முந்தின நாள் சங்கவி திருவிடந்தைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நேரத்தில், சங்கத் தலைவர் ஜம்புலிங்கம் சர்வீஸ்காரர் ஹரிகிருஷ்ணனைக் கூப்பிட்டு லினக்ஸைப் புது வெர்ஷனுக்கு மாற்றச் சொல்லியிருந்தார்.

“படமெல்லாம் இருக்கற வால்யூம் லோடு ஆகல மேடம். டிஸ்க் போயிடுச்சு, மொத்தமா அழிச்சு ஃபார்மட் பண்ணிடலாம்,” என்றார் ஹரிகிருஷ்ணன்.

“கீபோர்டுல கை வெக்காத சார். நவுரு,” என்றாள் சங்கவி.

ஜம்புலிங்கம் கையைப் பிசைந்தார். “இன்னாம்மா, நாளைக்கு விசாரணை கீது. வாய்தா வாங்கிக்கலாமா?”

“வாய்தா வாங்கினா வேலி இன்னும் பத்தடி உள்ள வரும் மாமா. சும்மா இரு.”

டிஸ்க் கம்ப்யூட்டரின் கண்ணுக்குத் தெரிந்தது. அளவும் சரியாகக் காட்டியது. அப்படியானால் அது சாகவில்லை. சோற்றுக்குக்கூட எழாமல், வந்திருந்த எர்ரர்களை வரி வரியாகப் படித்தாள். பிற்பகலில்தான் பிடிபட்டது. புது வெர்ஷன் தன் பட்டியலில் இருக்கும் டிஸ்குகளின் வால்யூம்களை மட்டுமே திறக்கும். மாற்றும்போது ஹரிகிருஷ்ணன் பத்திரத்துக்காக இந்த டிஸ்கின் கேபிளைக் கழற்றி வைத்திருந்தார். பட்டியலில் அது ஏறவே இல்லை.

“கழட்டுனத ஒரு வார்த்த சொன்னியா சார் நீ?”

சங்கவி டிஸ்கைப் பட்டியலில் சேர்த்தாள், வால்யூமை எழுப்பினாள், எதுவும் அழியாதபடி படிக்க மட்டும் திறந்தாள். எட்டு வருடமும் வரிசையாக வந்து நின்றது.

மறுநாள் செங்கல்பட்டில், ரிசார்ட்டின் வக்கீல் கோதண்டராமன் சிரித்தார். “கம்ப்யூட்டர்ல எத வேணாலும் உருவாக்கலாம்.”

“தொண்ணூத்தாறு மாசத்துக்கு உருவாக்கிக் காட்டுங்க சார், பாக்கலாம். டிஸ்க்கையே கொண்டாந்துகீறேன். உங்க ஆளையே வெச்சி சோதிங்க.”

விசாரணை அதிகாரி அந்த மணலைப் புதிதாக அளக்க உத்தரவிட்டார். அதுவரை வேலி ஓர் அடிகூட நகரக்கூடாது என்றார்.

திரும்பும் பஸ்ஸில் ஜம்புலிங்கம் மெல்ல ஆரம்பித்தார். “நான் உன்ன கேட்டிருக்கணும்மா...”

“ஆமா, கேட்டிருக்கணும்,” என்றாள் சங்கவி.