அப்பா பெயரில் நாற்பது பொட்டலம்

அப்பா இறந்த தேதிக்கு அடுத்து வரும் சனிக்கிழமை, முன்பின் தெரியாத நாற்பது பேருக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு வருவது எங்கள் வீட்டு வழக்கம். அம்மாவின் ஏற்பாடு, எட்டு வருஷமாக நடக்கிறது. எனக்கு இதில் பெரிய பிடிப்பு கிடையாது. ஒரு நாள் நல்லவர்களாக இருந்துவிட்டு, மறுநாள் ஞாயிறு ஆராதனை முடிந்து ஆலய வாசலில் நாலு பேரிடம் அதைச் சொல்லிக்கொள்வதில் என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறேன். அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

அதுவரை ஆலயத்தார் நடத்தும் இல்லங்களில்தான் கொடுத்து வந்தோம். போன வருஷம் முதல்முறையாகத் தாப்பாவைத் தாண்டி, செம்பனைக் காட்டுக்குள் மிச்சமிருந்த ஒரு பழைய தொழிலாளர் லயத்துக்குப் போனோம். ஒரு காலத்தில் அது ரப்பர் தோட்டம். நான், அம்மா, கார் ஓட்ட என் கணவர். ஈப்போவில் கிளம்பும்போதே கார் முழுக்கக் கோழிப் பிரியாணி வாசம். முதல் வீட்டில் ஒரு பெரியவர் பொட்டலத்தைத் திறந்தார், மூடினார், கையெடுத்துக் கும்பிட்டு, இன்றைக்குப் புரட்டாசிச் சனி என்றார்.

தலையில் அடித்துக்கொண்டேன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள் நான். என் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப்பேர் அந்த மாதம் முழுக்கக் கோழியைத் தொட மாட்டார்கள். எங்கள் மூவரில் ஒருத்தருக்காவது தோன்றியிருக்க வேண்டாமா? எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அப்பா இறந்த தேதிதான். அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்றார். கர்த்தர் இந்தக் கோழியை என்ன செய்வார் என்று கேட்க நுனிநாக்கு வரை வந்தது. கணவர் கண்ணைக் காட்டினார், அடங்கிவிட்டேன்.

யாரும் முகம் சுளிக்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார்கள். நாய்க்குத்தான் போகும் என்று அவர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

கடைசி வீட்டில் ஒரு பெண், என்னைவிட ஐந்தாறு வயது குறைந்தவர். கணவர் காரிலேயே இருந்துவிட, என்னையும் அம்மாவையும் உட்காரவைத்துக் கோப்பி போட்டார், பிஸ்கட்டைத் தட்டில் வைத்துப் பசியாறச் சொன்னார். கொடுக்கப் போன இடத்தில் நாங்கள் வாங்கித் தின்றோம். நான் டீச்சர் என்று அம்மா சொன்னதும், உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வந்தார். அதில் மலாய் மொழியில் பதிவு இலாகாவின் கடிதம். படித்துச் சொல்லச் சொன்னார்.

அவருக்கு ஐசி கிடையாது. இந்த மண்ணில் பிறந்து ஐம்பதை நெருங்குகிறவர், அடையாள அட்டை இல்லை. பிறப்பைப் பதியாததால் ஒழுங்கான வேலை இல்லை, கல்யாணத்தைப் பதிய முடியவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போனால் வெளிநாட்டுக்காரி. பல வருஷம் இழுத்த மனுவுக்கு இப்போது ஒன்றே ஒன்று கேட்டிருந்தார்கள். பிறந்த சமயத்துத் தோட்டக் காகிதம் ஏதாவது, இல்லையென்றால் விவரம் தெரிந்த ஒருவர் எழுதிக் கொடுக்கும் சத்தியப் பிரமாணம். மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும்.

ஏன் அப்போதே பதியவில்லை என்று கேட்டேன். டீச்சர் குரலில்தான் கேட்டேன், யாரோ சோம்பேறித்தனமாக இருந்துவிட்ட மாதிரி.

"மருத்துவச்சி எழுதிக் குடுத்த துண்டுச்சீட்ட எங்கப்பா அன்னைக்கே பெரிய கிராணிகிட்ட குடுத்துட்டாருக்கா. அவருதான் எல்லாப் புள்ளைக்கும் டவுனுக்குப் போயி பதிஞ்சு குடுப்பாரு. நல்ல மனுசன்லா. நாலஞ்சு சேரட்டும், ஒண்ணா கொண்டு போறேன்னாராம். அப்புறம் மாத்தலாகிப் போயிட்டாரு."

எந்தத் தோட்டம் என்று கேட்டேன். அவர் கல்யாணமாகித்தான் இந்த லயத்துக்கு வந்தவர். பிறந்தது தெலுக் இந்தான் பக்கம். தோட்டத்தின் பெயரைச் சொன்னார். அந்தத் தோட்டத்து ஆபீஸில் தலைமைக் குமாஸ்தாவாக, பெரிய கிராணியாக இருந்தவர் என் அப்பா.

எங்கள் வீட்டில் அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் முதலில் வருவது இந்தக் கதைதான். ரப்பர் பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு ஒருநாள் சம்பளம் போகக் கூடாதென்று, துண்டுகளைச் சேர்த்து வைத்துத் தானே சைக்கிளில் டவுனுக்குப் போய்ப் பதிந்து வந்தவர். அடக்க ஆராதனையில் போதகர் இதைச் சொல்லித்தான் எல்லாரையும் அழவைத்தார். நாற்பது பொட்டலமும் அந்தக் கதைக்காகத்தான்.

அடக்கம் முடிந்த வாரம் அப்பாவின் இரும்புப் பெட்டியை ஒழித்தவள் நான். அடியில் ரப்பர் வளையம் போட்ட ஒரு சின்னக் கட்டு கிடந்தது. மங்கிய பென்சில் எழுத்தில் பெண் குழந்தை, தேதி, தகப்பன் பெயர். அப்படி ஆறேழு துண்டுகள். பழைய நகல் என்று நினைத்தேன். அம்மாவிடம் காட்டினேன், குப்பையைச் சேர்க்காதே என்றார். கொல்லையில் மாஞ்சருகோடு போட்டுக் கொளுத்தினேன். இந்தக் கையால்தான் கொளுத்தினேன், பாவி.

நான் இன்னாரின் மகள், அந்தத் துண்டுகளைப் பார்த்தேன், எரித்தேன் என்று ஒரு பிரமாணம் எழுதிக் கொடுத்திருக்கலாம். அதனால் ஐசி கிடைத்திருக்குமோ என்னவோ, அவர் கையில் கொண்டுபோக ஏதோ ஒன்று இருந்திருக்கும். எதற்கெடுத்தாலும் வள்ளென்று விழுகிற எனக்கு அன்றைக்குப் பார்த்து வாய் வரவில்லை.

கிளம்பும் முன் வீட்டாருக்காக ஜெபிப்பது வழக்கம். அம்மா அந்தப் பெண்ணின் தலையில் கை வைத்தார்.

"ஆண்டவரே, இந்த மகளோட காணாமப்போன கடுதாசிய நீங்களே கண்டுபிடிச்சுக் குடுங்க."

நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். அம்மாவின் கண்களும் திறந்துதான் இருந்தன. ஆமென் என்று முதலில் சொன்னது அந்தப் பெண், நெற்றியில் நாமக்கோட்டோடு.

என் போன் நம்பரை அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். திரும்பும் வழியில் கோப்பேங்கில் கணவர் பெட்ரோல் போட இறங்கிய நேரத்தில் அம்மா, செத்துப்போனவரைச் சந்திக்கு இழுக்காதே என்று மட்டும் சொன்னார். கணவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

இரண்டு முறை உட்கார்ந்து எழுதினேன், இரண்டு முறையும் கிழித்துப் போட்டேன். அந்த மாதத்தில் அவர் மூன்று முறை போன் செய்தார். அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். மாதக் கடைசி தாண்டியதும் அழைப்பு நின்றுவிட்டது. படித்தவள், நியாயம் பேசுகிறவள் என்று என்னைப் பற்றி நானே வைத்திருந்த எண்ணமும் அதோடு போயிற்று.

இந்த வருஷமும் அந்தச் சனிக்கிழமை வருகிறது. நேற்றே அம்மா சாப்பாட்டுக்குச் சொல்லச் சொல்லிவிட்டார். இந்த முறை மறக்கவில்லை, நாற்பதும் சைவம்.

"தாப்பா பக்கம் வேணாம்லா," என்றார். "பாகான் செராய் போலாம். அங்க அப்பா வேல செஞ்சதில்ல."

சரி என்றேன்.