தேவசகாயமும் தலையில் விழுந்த பல்லியும்

சமையலறைக் கதவை இரண்டு தட்டுத் தட்டி, "வர்றேன்பா, ஓரம் போங்க" என்று அறிவித்த பிறகே தேவசகாயம் விளக்கைப் போடுவார். உள்ளே மனிதர்கள் யாரும் இல்லை. டியூப்லைட்டுக்குப் பின்னால் பல்லிகள் ஓடி ஒளிந்ததும் நிம்மதியாகத் தண்ணீர் குடிப்பார்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் கடைசிப் பரிசோதனை அவருடையது. ஒவ்வொரு ஷூவுக்குள்ளும் கைவிட்டுத் துழாவுவார். சின்ன மடிப்பு தட்டுப்பட்டாலும் திருப்பி அனுப்பிவிடுவார். அவர் தலை தெரிந்தால் பேச்சு அடங்கும். "கம்பெனில நான் புலி. ஊட்ல பல்லிக்குப் பயந்த பூனை" என்று தன்னைத் தானே கிண்டல் செய்துகொள்வார்.

சென்ற வாரம் காலை ஜெபம் முடித்து எழுந்தவரின் வழுக்கையில் ஒரு பல்லி சொத்தென்று விழுந்தது.

"மொட்டச் செவுருன்னு நெனச்சிருக்கும்" என்று மனைவி ஜெஸியிடம் சொல்லி முதலில் சிரித்தவர் அவர்தான். அந்தச் சிரிப்பு பக்கத்து வீடு வரைக்கும்தான் தாங்கியது. சபைக் காலண்டரில் வசனம் மட்டுமே உண்டு. பக்கத்து வீட்டு ராமமூர்த்தியின் காலண்டரில் பல்லி விழும் பலனும் இருந்தது. தலை: மரண பயம். தேவசகாயத்துக்கோ மறுவாரம் வேலூர் ஆஸ்பத்திரியில் இருதயப் பரிசோதனை.

"நமக்குத்தான் இதுல நம்பிக்கை இல்லியே?" என்றாள் ஜெஸி.

"நமக்கு இல்ல. நாம எந்தச் சபைன்னு பல்லிக்கு இன்னா தெரியும்?"

மறுநாள் முதல் பைக்கை எடுக்கவில்லை. கம்பெனி பஸ்ஸில் போனார், அதிலும் நடு சீட்டில். கேட்டவர்களிடமெல்லாம், "மண்டைல எடம் காலின்னு பாத்துட்டுப் போச்சு" என்று தானே கதையைச் சொல்லிச் சிரிக்கவைத்தார். இரவில் மட்டும் தூக்கம் வரவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தைய நாள், பேக்கிங் பிரிவு துரைசாமி காஞ்சிபுரம் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட்டுவிட்டு வேலைக்கு வந்திருந்தார். தொட்டவரைத் தொட்டாலே பல்லி தோஷம் போகும் என்று பெண்கள் அவர் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். தேவசகாயம் எட்ட நின்று, "நல்லா இருக்குது உங்க வைத்தியம்" என்றார்.

கூட்டம் கலைந்தது. துரைசாமி ஒட்டிய பெட்டி ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்த தேவசகாயம், இத்தனை வருடத்தில் முதன்முறையாக, "பேக்கிங் பிரமாதம்யா" என்று கை நீட்டினார். துரைசாமி திகைத்துப்போய்க் கை கொடுத்தார். தேவசகாயம் அந்தக் கையை இறுகப் பற்றிக்கொண்டு நெடுநேரம் குலுக்கினார்.

பிறகு அட்டைப்பெட்டி அடுக்குக்குப் பின்னால் போய், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அந்தக் கையால் வழுக்கையை அழுந்தத் தடவிக்கொண்டார்.