என் உயரத்துக்கு ஒரு குரோட்டன்

எங்கள் வீட்டுக் குரோட்டன் இப்போது என்னைவிட ஒரு முழம் உயரம். கரும்பச்சை இலையில் யாரோ வீடு கூட்டும் தும்புத்தடியை மஞ்சள் பெயின்ற்றில் தொட்டு உதறிவிட்டதுபோலப் புள்ளிகள். படலையைத் திறந்து வருகிற எவரும் ஒரு தடி முறித்துத் தரக் கேட்காமல் போவதில்லை. நானும் முறித்துக் கொடுப்பேன். கொடுக்கும்போது, வேறு எதை ஊற்றினாலும் உப்புத் தண்ணீர் மட்டும் ஊற்றவேண்டாம் என்று ஒரு புத்தி சொல்லுவேன். குரோட்டனுக்கு ஆர் போய் உப்புத் தண்ணி ஊத்துவினம் என்று சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்துவைப்பேன். ஊற்றின ஆளே முன்னால் நிற்கிறாள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அம்மா குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனபோது எனக்கு எட்டு வயது. தாழ்வுபாடு என்ற எங்கள் கடற்கரை ஊரில் எங்கள் வீட்டுக்குச் சுவர் இருந்தது, கூரை இல்லை. அப்பாவின் வள்ளம் கொண்டுவந்தது சோற்றுக்குச் சரியாக இருந்ததே தவிர ஓட்டுக்குப் போதவில்லை. அம்மா இரண்டு வருடம் போய் வருவது என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கூரை வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.

போவதற்கு முதல்நாள் அம்மா கன்னியர் மடத்து வேலியிலிருந்து ஒரு சாண் தடி கேட்டு வாங்கிவந்து, கிணற்றுக்குப் பக்கத்தில் நட்டார். எங்களோடு இருந்த சித்தி, அம்மாவின் தங்கை, இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார். கறிக்கும் ஆகாத, பூவும் பூக்காத இந்தச் சனியனை ஏன் நடுகிறாய், ஒரு கறிவேப்பிலையை நட்டாலும் பிரயோசனம் என்றார். அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. எங்கள் ஊரில் எதை நட்டாலும் காலையில் கழுதை வந்து பார்க்கும், மத்தியானம் ஆடு வந்து பார்க்கும். பின்னேரம் நட்டவர் வந்து பார்க்கும்போது ஒன்றும் இருக்காது. குரோட்டனைக் கழுதையும் மணந்துவிட்டுப் போய்விடும். அம்மா யோசித்துத்தான் நட்டிருக்கிறார்.

மண்ணை அமத்திவிட்டு என்னைக் கூப்பிட்டு, “இந்தச் செடி உன்ர உயரத்துக்கு வாற நேரம் அம்மா வீட்ட நிப்பன், என்ன?” என்றார்.

எட்டு வயதுப் பிள்ளையை அழாமல் வைத்திருக்கச் சொன்ன வார்த்தை. நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். செடி வளர்ந்தால் அம்மா வருவார். வளராவிட்டால் வரமாட்டார். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

குரோட்டனோ எங்கள் ஊர்க் கந்தோர் உத்தியோகத்தர்களைப்போல, எதையும் மெல்ல மெல்ல, ஆறுதலாகத்தான் செய்யும். ஆறு மாதத்தில் இரண்டு சாண்கூட வரவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது. அப்போதுதான் சித்தி மீன் அலசின தண்ணீரை முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றுவதைக் கவனித்தேன். ஏன் என்று கேட்டதற்கு, மீன் தண்ணி நல்ல பசளை, மரம் கொழுத்து வளரும் என்றார். முருங்கை உண்மையாகவே கொழுத்துத்தான் நின்றது.

நான் யோசித்தேன். மீனை ஒருதரம் அலசின தண்ணீருக்கே இந்தப் பலன் என்றால், மீன் இரண்டு நாள் ஊறிக்கிடந்த தண்ணீருக்கு எவ்வளவு பலன் இருக்கும்? சித்தி கருவாட்டுக்காகச் சூடை மீனை உப்புப் போட்டு ஊறவைக்கும் பெரிய வாளி கொட்டிலுக்குள் இருந்தது. அடியில் கட்டியாக, கபில நிறத்தில், மூக்கைத் துளைக்கிற மணத்தோடு தண்ணீர். அதைவிடச் சத்தான ஒன்று உலகத்தில் இருக்கமுடியாது என்று நம்பி, சிரட்டையால் அள்ளி அள்ளி, மூன்று நாள், ஒருவருக்கும் தெரியாமல் குரோட்டனுக்கு ஊற்றினேன். கடைசி நாள் வாளியையே கவிழ்த்துவிட்டேன்.

என்னைக் காட்டிக்கொடுத்தது பூனைகள். தாழ்வுபாட்டில் உள்ள பூனை அத்தனையும் கிணற்றடியில் கூடி, திருநாளுக்கு வந்த சனம்போலக் குரோட்டனைச் சுற்றி நின்றன. சித்தி தும்புத்தடியோடு விரட்டப் போனவர், மணத்தைப் பிடித்துக்கொண்டு “என்ர மாதாவே!” என்று கத்தினார். அதற்குள் இலைகள் தொங்கிவிட்டன. நாலைந்து நாளில் ஒன்றுகூட மிஞ்சாமல் கொட்டி, தடி மட்டும் நின்றது.

நான் அழுதேன் என்று சொல்வது போதாது. சாப்பிடவில்லை. பள்ளிக்கூடம் போகவில்லை. அம்மாவை நானே குவைத்தில் பூட்டிவைத்துவிட்டேன் என்று எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் அது தெரியாதது இன்னும் பயமாக இருந்தது. செடிதானே, வேறொன்று நடலாம் என்று சித்தி சொன்னபோது ஆத்திரத்தில் அவருடைய கையைக் கடித்துவிட்டேன். அதற்கு வாங்கிய அடியும் நியாயம்தான்.

அப்பா கடலால் வந்து கிணற்றடியில் குந்தினார். விரலால் மண்ணைக் கிளறி, ஒரு துளியை நாக்கில் வைத்துத் துப்பினார். “கடலே பரவாயில்ல” என்றார். ஏன் செய்தாய் என்று கேட்டார். சொன்னேன்.  அப்பா எழும்பி மண்வெட்டியை எடுத்து, செடியைச் சுற்றி இருந்த மண்ணை வேர் அறாமல் வழித்து அகற்றினார்.

எங்கள் கிணற்றுத் தண்ணீரே உவர். உப்பைக் கழுவ அது உதவாது. கோயில் கிணற்றில்தான் நல்ல தண்ணீர். அப்பா சைக்கிளின் இரண்டு பக்கமும் தண்ணீர்க் கான் கட்டி, அங்கிருந்து கொண்டுவந்து ஊற்றினார். ஒரு நாள் இல்லை, ஒவ்வொரு நாளும். விடியக் கடலால் வந்து, வலையில் பட்ட மீனைத் தெரிந்தெடுத்து, விற்றுக்கொடுத்து, கண் சிவந்துபோய், நித்திரைக்குப் போகவேண்டிய நேரத்தில் சைக்கிளை எடுப்பார். அது தபசு காலம், உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின நாற்பது நாள். ஊரில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றை ஒறுத்தார்கள். கள்ளை விட்டவர்கள் உண்டு, வெற்றிலையை விட்டவர்கள் உண்டு. உங்கட அத்தான் இந்த முறை என்ன ஒறுத்தல் என்று சித்தியிடம் யாரோ கேட்க, “அவர் குரோட்டனுக்கு ஞானஸ்நானம் குடுக்கிறார்” என்றார் சித்தி. ஊரே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். தண்ணீரை நிறுத்தவில்லை.

உயிர்த்த ஞாயிறன்று துளிர்த்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. அது கழிந்து இரண்டு கிழமைக்குப் பிறகு, நாங்கள் பார்ப்பதை விட்டபிறகு, சித்திதான் கண்டார். கணுவில் இரண்டு துளிர், அதுவும் வெறும் பச்சை. மஞ்சள் புள்ளி இல்லாததைக் கண்டு, இது வேறு செடி, அம்மா சொன்ன செடி இல்லை என்று நான் மறுபடி தொடங்கினேன். “வெயில் படட்டும், நிறம் தன்பாட்டில வரும்” என்றார் அப்பா. வந்தது.

இனி இன்னொன்றைச் சொல்லவேண்டும். வெள்ளிக்கிழமைகளில் எசமானி வெளியே போகும் நேரம் பார்த்து அம்மா போன் எடுப்பார். அப்பாவிடம் இருந்தது படம் எடுக்காத பொத்தான் போன். அம்மா முதலில் கேட்பது செடியைத்தான். அதனால் அப்பா மாதம் ஒருமுறை வலை நூல் ஒன்றை எடுத்துச் செடியை அளப்பார். பிறகு அதே நூலால் என்னையும் தோளிலிருந்து குதிக்கால்வரை அளந்து ஒரு முடிச்சுப் போடுவார். ஒப்பிடவேண்டுமே என்பார். எனக்கு அது சரியாகத்தான் பட்டது.

ஆனால் போனில் அவர் சொன்ன கணக்குத்தான் எனக்கு வியப்பு. இலை கொட்டி இரண்டு சாணும் வராத தடியாகச் செடி நின்ற மாதத்தில்கூட, அப்பா கிணற்றுப் பக்கம் தள்ளிப்போய் நின்று, “நாலு சாணும் அஞ்சு விரலும்” என்றார். நான் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பா பொய் சொல்லமாட்டார். கடலில் பட்ட மீனைக்கூடக் குறைத்துத்தான் சொல்லுவார். அப்படிப்பட்டவர் எனக்காக அம்மாவிடம் செடியை இரண்டு மடங்காக்கிச் சொல்கிறார் என்று நினைத்து, அன்றைக்கு அவர் மடியில் போய் இருந்துகொண்டேன். என்ன பிள்ளை என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

அதற்குப் பிறகுதான் எனக்கு அந்தப் பேரிடி விழுந்தது. பள்ளிக்கூடச் சட்டையை மாட்டிவிட்ட சித்தி, முழங்கால் தெரியிது, பனைமாதிரி வளருறாள் என்றார். செடி என் உயரத்துக்கு வரவேண்டும், நானோ என்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கிறேன்! இப்படிப் போனால் அது என்னை எப்போது பிடிப்பது?

வளராமல் இருக்க வழி தெரியவில்லை. ஆனால் அளக்கும்போது குறையலாமே. சித்தியின் பழைய பாவாடையை இழுத்துக் கட்டிக்கொண்டு அப்பாவின் முன்னால் போய் நிற்பேன். உள்ளே முழங்கால் மடிந்திருக்கும். முதலில் ஒரு விரல், பிறகு இரண்டு. மாதம் போகப்போக மடிப்புக் கூடியது, தொடை நடுங்கும், பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

அப்பா நூலைப் பார்த்து யோசிக்கத் தொடங்கினார். மூன்று மாதமாக ஒரே முடிச்சு. எனக்கு வயிற்றுப் பூச்சிக்கு மருந்து வாங்கித் தந்தார். பிறகு முட்டை. பட்டதில் நல்ல மீனை விற்காமல் எடுத்துவந்து, இவளுக்குக் குடு என்று சித்தியிடம் கொடுத்தார். ஏழு நாளும் பாரை மீன் தின்றால் எந்தப் பிள்ளைதான் வளராது? எனக்கோ மடிக்கவேண்டியது இன்னும் கூடியது. அம்மா போனில், வடிவாச் சாப்பிடுறியா மகள், அம்மாவை நினைச்சு ஏங்கிறியா என்று திரும்பத் திரும்பக் கேட்பார். செடியைப் பற்றிக் கேட்பது குறைந்துவிட்டதே, வர விருப்பமில்லையோ என்று நான் பயந்தேன்.

இரண்டு வருடம் முடிந்து அம்மா வந்த அன்று குரோட்டன் என் இடுப்பைத்தான் தாண்டியிருந்தது. வாசலில் வான் வந்து நிற்கும் சத்தம் கேட்டதும் எல்லோரும் படலைக்கு ஓடினார்கள். நான் கிணற்றடிக்கு ஓடி, செடிக்குப் பக்கத்தில், முழங்காலை எவ்வளவு மடிக்கமுடியுமோ அவ்வளவு மடித்துக்கொண்டு நின்றேன். அம்மா மெலிந்திருந்தார். என்னைத் தேடி வந்து கட்டிப்பிடித்து, அப்படியே தூக்கிவிட்டார். மடித்த காலெல்லாம் நீண்டு தொங்கியது.

“செடி இன்னும் வரேல்லயே அம்மா, திரும்பிப் போவீங்களோ?” என்று கேட்டேன்.

“அது ஆறுதலா வரட்டும். நான் வந்திட்டன்” என்றார்.

அடுத்த ஞாயிறு எனக்கு முதல் நன்மை, கோயிலில் முதல்முறையாக நற்கருணை வாங்கும் நாள். அம்மா பெட்டியைத் திறந்து, வெள்ளைத் துணியில் சுற்றிய ஒன்றை எடுத்தார். முதல் நன்மைச் சட்டை. எசமானி கொடுத்த துணியில், ஒரு வருடமாக ஒவ்வொரு வெள்ளியும் கொஞ்சம் கொஞ்சமாகக் கையாலேயே தைத்தது. குதிக்கால்வரை இறங்கவேண்டிய சட்டை. என்னை நிமிர்ந்து நிற்கச் சொல்லிப் போட்டுவிட்டார். தோள் பொருந்தியது, கை பொருந்தியது. கீழேதான், கணுக்காலுக்கு மேலே அப்படியே நின்றுவிட்டது.

சித்தி அப்பாவைப் பிடித்துக்கொண்டார். கையை விரிச்சு விரிச்சுப் பாகக் கணக்கில வலை அளக்கத் தெரிஞ்ச மனுசனுக்கு ஒரு பிள்ளையை அளக்கத் தெரியேல்லயே என்று ஏசினார். அப்பா அந்த முடிச்சு நூலைக் கொண்டுவந்து என் தோளில் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். அவர் போனில் சொன்னது ஒருநாளும் செடியின் கணக்கு இல்லை, என்னுடைய அளவு என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அப்பா பேச்சு வாங்குவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பாவாடை, முழங்கால், உப்புத் தண்ணீர், பூனை எல்லாம்.

சித்தி வாயில் கைவைத்துச் சிரித்தார். அப்பா வெளியே போய்விட்டார். அம்மா சிரிக்கத் தொடங்கி, பாதியில் அழுதார். நல்ல துணியை நான் பாழாக்கிவிட்டேன் என்று அழுகிறார் என நினைத்து, மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா என்று நானும் அழுதேன்.

வேறு வெள்ளைத் துணி வீட்டில் இல்லை. குவைத்தில் தலைக்குப் போட்டிருந்த தன்னுடைய முக்காட்டைக் கிழித்து, சட்டையின் அடியில் வைத்துத் தைத்தார் அம்மா. கழுவிக் கழுவிப் பழுப்பேறிய துணி. சட்டை ஒரு வெள்ளை, கரை இன்னொரு வெள்ளை. குரோட்டன் இலைமாதிரி இருக்கு என்றார் சித்தி. அதைப் போட்டுக்கொண்டுதான் நன்மை வாங்கினேன். அதைவிட நல்ல உடுப்பு எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. எனக்காகத் தண்ணீர் சுமந்த மனிதரும், எனக்காக அளவு கேட்டுக் கேட்டுத் தைத்த மனுசியும் ஒரே வீட்டில் இருந்தார்கள் என்றால், அந்தப் பிள்ளைக்கு வேறு என்ன வேண்டும்?

தைத்து முடித்ததும் அம்மா அந்தக் கரையை மடியில் விரித்து, அகலத்தை விரலால் அளந்தார். நாலு விரல். மறுபடி அளந்தார். பிறகு என்னைப் பார்த்தார், மறுபடி அந்த நாலு விரல் துணியைக் கையால் தடவினார், தடவிக்கொண்டே இருந்தார். துணி கசங்கியிருக்கிறது என்று நினைத்து, அடுத்த வீட்டில் ஸ்திரிக்கைப்பெட்டி வாங்கிவர நான் ஓடினேன்.