அடுத்த மாடல் வரட்டும்

என் அக்காவின் கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் போய்வரும் தொழிற்சாலைகளில் அவருக்கு வேறு பெயர்: 'அடுத்த மாடல்'. யார் வைத்தது என்று இன்னும் துப்புத் துலக்கிக்கொண்டிருக்கிறார். என்மேல்தான் சந்தேகம். நானும் இல்லையென்று சாதிக்கவில்லை.

தொழிற்சாலை இயந்திரங்களில் கன்ட்ரோலர் என்று ஒரு பெட்டி இருக்கும். எந்த மோட்டார் எப்போது சுற்ற வேண்டும், எந்தக் கத்தி எப்போது இறங்க வேண்டும் என்று அந்தப் பெட்டிக்குள் எழுதி வைப்பது மாமாவின் பிழைப்பு. தொழிலில் ஆள் கெட்டி. அட்டைப்பெட்டி ஆலையில் பசை தடவும் இயந்திரம் படுத்துவிட்டால், மாமா போய் லேப்டாப்பைச் செருகி, உதட்டைப் பிதுக்கி, இரண்டு வரியை மாற்றி எழுப்பிவிட்டு வருவார். அப்பேர்ப்பட்ட மனுஷனைப் போய்க் கிண்டல் செய்கிறாயேடி என்று அம்மா என்னைத் திட்டுவாள். தொழிலில் நான் என்ன குறை கண்டேன்? என் சண்டை எல்லாம் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையைப் பற்றியது.

கன்ட்ரோலர் செய்யும் ஒவ்வொரு கம்பெனியும் தன் பெட்டிக்கென்று தனி சாஃப்ட்வேர் வைத்திருக்கிறது. அந்த சாஃப்ட்வேர்களுக்குள் ஏழாம் பொருத்தம். ஒரே லேப்டாப்பில் இரண்டைப் போட்டால் ஒன்று திறக்கும்போது மற்றது மூச்சை நிறுத்திக்கொள்ளும். புதிய பதிப்பை ஏற்றினால் பழையது கோபித்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்ளும். அதனால் மாமாவிடம் மூன்று கம்பெனிக்கு மூன்று லேப்டாப். மூன்றும் செங்கல் கனம், மூன்றும் வயதானவை, மூன்றும் சாப்பாட்டு மேஜைமேல் குடியிருந்தன. கூடவே சார்ஜர்கள், எதற்கென்று அவருக்கே மறந்துபோன கேபிள்கள், ஒரு குட்டி மின்விசிறி. மின்விசிறி லேப்டாப்புகளுக்கு. மனிதர்கள் வியர்த்துக்கொண்டு, தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள்.

அக்கா தையல் வேலை செய்கிறாள். படுக்கையறை ஜன்னலோரம் அவளுடைய இயந்திரம் இருக்கிறது. தைப்பதற்கு அந்த இடம் போதும். துணி வெட்டுவதற்குத்தான் இடமில்லை. கூடத்துத் தரையில் துணியை விரித்து, மண்டி போட்டு, ஒரு கையை ஊன்றிக்கொண்டு வெட்டுவாள். அக்கா குறை சொல்லும் ரகம் இல்லை. வெட்டி முடித்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கும்போது "அம்மாடி" என்று ஒரு சத்தம் விடுவாள், அவ்வளவுதான். அது அடிவயிற்றிலிருந்து வரும். மாமா அதைக் கேட்டதே இல்லை, காதில் ஹெட்போன் இருக்கும்.

போன வருடம் அக்காவுக்கு ஒரு பெரிய வேலை தேடி வந்தது. பக்கத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ்கள் அத்தனை பேருக்கும் சீருடை. தரையில் மண்டி போட்டு முடிகிற காரியம் இல்லை. மேஜை இருந்தால்தான் உண்டு. தலைமை நர்ஸ் துணி வரும்வரைக்கும் யோசிக்கச் சொல்லியிருந்தார். அக்கா அன்றைக்குச் சாயங்காலமே மாமாவிடம் பேச்சை எடுத்தாள். நானும் இருந்தேன்.

"என்னங்க, இந்த மேஜையைக் காலி பண்ண முடியுமா?"

"அட, அதுக்கு வழி இருக்கும்மா. நல்ல லேப்டாப் ஒண்ணு வாங்கிட்டா போதும். அதுக்குள்ளேயே மூணு கம்ப்யூட்டர் இருக்கிற மாதிரி பண்ணிடலாம். விர்ச்சுவல் மெஷின்னு பேரு. மூணு சாஃப்ட்வேரும் உள்ள தனித்தனியா குடித்தனம் பண்ணும். ஒண்ணு மூஞ்சில ஒண்ணு முழிக்க வேண்டாம்."

"அப்ப இந்த மூணும்?"

"பழைய சாமான் கடையில போட்டுடலாம். மேஜை மொத்தமும் உனக்குத்தான்."

அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போய் ஒப்புக்கொண்டு வந்துவிட்டாள். அவளுக்கு மாமாவைத் தெரிந்த அளவுக்கு அவர் லேப்டாப் வாங்கும் விதம் தெரியாது.

மாமா ஆராய்ச்சியில் இறங்கினார். மூன்று குடித்தனத்துக்கும் மெமரி வேண்டுமே, ஆளுக்கு எவ்வளவு? சூடு ஏறினால் என்ன செய்யும்? ஆலை வெளிச்சத்தில் திரை தெரியுமா? இன்டர்நெட்டில் முகம் தெரியாத ஆட்கள் போடும் சண்டையை எல்லாம் ஒன்றுவிடாமல் படித்தார். சொந்தத் தம்பி சொன்னால் நம்பமாட்டார். எங்கேயோ இருக்கிற ஒருவன் மூன்றாவது மாதத்தில் கீல் உடைந்தது என்று எழுதினால் அன்று முழுக்கச் சோகமாக இருப்பார். ஒன்றை முடிவு செய்துவிட்டேன் என்று எங்களுக்கெல்லாம் காபி போட்டுக் கொடுப்பார். காபி ஆறுவதற்குள் அதன் அடுத்த மாடல் வரப்போகும் செய்தி அவர் கண்ணில் பட்டுவிடும்.

கடைக்கும் போவார். ஒவ்வொரு லேப்டாப்பையும் குப்புறத் திருப்பிக் காற்று போகிற ஓட்டைகளை எண்ணுவார். விசைப்பலகையில் தன் பெயரை அடித்துப் பார்ப்பார். அவர் உள்ளே நுழைந்ததும் விற்பனையாளர்கள் ஒவ்வொருவராகக் கிடங்குப் பக்கம் நழுவிவிடுவார்களாம். மாட்டிக்கொண்ட ஒருவர் ஒருநாள் கேட்டே விட்டார்.

"சார், இன்னைக்காவது பில் போடலாமா?"

"போடலாம், போடலாம். இதோட அடுத்த மாடல் எப்ப வருது?"

இதில் எனக்கு வயிற்றெரிச்சல் என்னவென்றால், இதே மனிதர் ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் லேப்டாப் பொறுக்கிக் கொடுத்திருக்கிறார். எனக்கு வாங்கியபோது அரை மணி நேரம்கூட ஆகவில்லை. "இதுல எதைச் செருகப் போற?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. பிரின்டர், பென்டிரைவ் என்றேன். "அப்ப இது போதும், கிளம்பு" என்றார். இன்றுவரை மக்கர் செய்யவில்லை. தனக்கென்று வரும்போதுதான் மனுஷனுக்கு முடிவெடுக்க வராது.

"தப்பா எடுத்துட்டா அப்புறம் வருஷக்கணக்கா அதோட குப்பை கொட்டணும்ல?" என்றார் ஒருமுறை.

"அக்காவைப் பொண்ணு பார்க்க வந்தப்ப மட்டும் எப்படி மாமா உடனே முடிவு பண்ணீங்க?"

"அப்ப உங்க அப்பா அவசரப்படுத்திட்டார்."

சமையலறையில் ஒரு பாத்திரம் வழக்கத்தைவிட வேகமாகக் கீழே வைக்கப்பட்டது. மாமா அதையும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து துணி வந்து இறங்கியது. வெளிர்நீலக் கட்டுகள், கூடத்தில் இடுப்பளவுக்கு. டிவி பார்க்க வேண்டுமானால் அவற்றின்மேல் ஏறி உட்கார வேண்டும். மாமா அதன்மேலேயே சாய்ந்துகொண்டு ஏதோ விமர்சனம் படித்துக்கொண்டிருந்தார். அக்கா அவர் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினாள்.

"திங்கட்கிழமை வெட்ட ஆரம்பிக்கறேன். மேஜை மேலயோ, உங்க முதுகு மேலயோ."

சனிக்கிழமை லேப்டாப் வந்துவிட்டது. அக்காவும் கூடப் போயிருந்தாள். விற்பனையாளர் இவர் மனசு மாறுவதற்குள் பில்லை அடித்துக் கையில் திணித்தாராம். உள்ளதிலேயே உசத்தி, ஒல்லி, தூக்கினால் தூக்கியதே தெரியாது. மாமா வீட்டுக்கு வந்து மூன்று பழைய கம்ப்யூட்டர்களையும் அதற்குள் குடியேற்றினார். அந்த இரண்டு நாளும் வீட்டுக்கு வந்த யாரும் தப்பவில்லை. பால் போட வந்தவருக்குக்கூட மூன்றும் ஒரே நேரத்தில் ஓடுவதைக் காட்டினார். எத்தனை நொடியில் திறக்கிறது, எவ்வளவு சூடாகிறது, எல்லாவற்றுக்கும் சோதனை.

"இதைப் பாரு, ஸ்னாப்ஷாட். என்ன தப்பு பண்ணினாலும் ஒரு தட்டு தட்டினா பழைய நிலைக்கே திரும்பிடும்!"

"சரி, மேஜை எப்ப பழைய நிலைக்குத் திரும்பும்?" என்றாள் அக்கா.

நியாயமான கேள்வி. பழைய மூன்றும் இருந்த இடத்திலேயே இருந்தன. புதியது நடுவில் இடம் பிடித்திருந்தது. மூன்று போய் ஒன்றாக வேண்டியது நான்காகிவிட்டது.

"ஒரு முன்ஜாக்கிரதைக்கு இருக்கட்டும்மா. நாலு நாள் பார்த்துட்டுத் தூக்கிடலாம்" என்றார் மாமா.

அதுவரை நான் இதையெல்லாம் வேடிக்கையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. சண்டைக்கார சாஃப்ட்வேர்களுக்கு ஆளுக்கொரு வீடு கட்டிக் கொடுத்தவருக்குக் கட்டிய மனைவிக்கு ஒரு மேஜை கொடுக்கத் தெரியவில்லை. வாயைத் திறக்கப் போன என்னை அக்கா கண்ணாலேயே அடக்கிவிட்டாள்.

திங்கட்கிழமை காலை அட்டைப்பெட்டி ஆலையிலிருந்து போன். பசை இயந்திரம் மறுபடி படுத்துவிட்டது. மாமா புது லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு, "தோள்ல இருக்கிறதே தெரியலை" என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை மாதிரி கிளம்பினார். அக்காவுக்கு ஒத்தாசைக்கு நான் வந்திருந்தேன். அவர் வண்டிச் சத்தம் மறைந்ததும் அக்கா கேபிள்களை ஒரு வாளியில் அள்ளிப் போட்டாள். மேஜையைத் துடைத்தாள். துணியைப் பல மடிப்பாக விரித்து, சாக்பீஸால் கோடு போட்டாள். நான்கு மூலையிலும் கனமாக ஏதாவது வைத்தால்தான் துணி நகராது. அக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். மூன்று மூலைக்கு மூன்று லேப்டாப். நாலாவது மூலைக்கு இஸ்திரிப் பெட்டி.

"கச்சிதம்" என்றாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனை காலமாயிற்று என்று எனக்குத் தோன்றியது.

பாதி வெட்டியிருப்பாள், மாமா திரும்பி வந்துவிட்டார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. அந்த ஆலையின் கன்ட்ரோலர் ரொம்பப் பழசு. அதற்கு அந்தக் காலத்து ஒன்பது முள் கேபிள்தான் பொருந்தும். புது லேப்டாப்பில் அதற்கு ஓட்டையே இல்லை. இருக்கிற ஓட்டையில் ஒரு அடாப்டரைச் செருகிப் பார்த்திருக்கிறார்.

"வெளியில இருக்கிற கம்ப்யூட்டர் அதை வாங்கி வெச்சுக்குது. உள்ள இருக்கிறதுக்குக் கொடுக்கவே மாட்டேங்குது" என்றார், பாகப்பிரிவினையில் ஏமாந்தவர் மாதிரி.

"ரெண்டு நாளா சோதனை பண்ணீங்களே, அந்தக் கேபிளைச் செருகிப் பார்க்கலையா?" என்றேன்.

மாமா அடாப்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல எதைச் செருகப் போறீங்கன்னு உங்களை யாருமே கேக்கலையா மாமா?"

மாமா என்னை முறைத்துவிட்டு மேஜைப் பக்கம் வந்தார். அவருக்கு வேண்டிய பழைய லேப்டாப் அக்காவின் இடது கைப்பக்கம் இருந்த மூலையில் துணியை அழுத்திக்கொண்டு கிடந்தது. அதைத் தூக்கக் கையை நீட்டினார்.

"கையை எடுங்க" என்றாள் அக்கா. கத்தரி நிற்கவில்லை.

"ஆலை நின்னு கிடக்கும்மா!"

"இப்ப அதை எடுத்தா அத்தனை மடிப்பும் கோணிக்கும். உங்க லேப்டாப் மாதிரி இது திரும்பி வராது. வெட்டினா வெட்டினதுதான்."

அவர் போன் அடித்தது. ஆலை சூப்பர்வைசர். அந்த மனிதர் பேசினால் தெருமுனைவரை கேட்கும்.

"சார், எங்க இருக்கீங்க? லேப்டாப் எடுக்கப் போறேன்னீங்களே?"

மாமா கத்தரியைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். "கொஞ்சம் நேரமாகும். லேப்டாப் வீட்ல உபயோகத்துல இருக்கு" என்றார்.

"வீட்லயா? யாரு சார்?"

"என் வீட்டம்மா."

"ஓஹோ, அம்மாவும் புரோகிராமிங்தானா?"

நான் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன். மாமா போனை வைத்துவிட்டு, மறுபேச்சில்லாமல் துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா கடைசிக் கோடுவரை நிதானமாக வெட்டினாள். பிறகு லேப்டாப்பை எடுத்து, மேலிருந்த சாக்பீஸ் தூளை ஊதிவிட்டு, அவர் கையில் கொடுத்தாள்.

"இந்தாங்க. சாயங்காலம் மறக்காம கொண்டு வந்துடுங்க. நாளைக்குக் கால்சட்டைத் துணி வெட்டணும்."

இயந்திரம் ஓடியது, ஆலை பிழைத்தது, லேப்டாப்பும் சாயங்காலம் மேஜைக்குத் திரும்பியது. மறுநாள் அக்காவுக்கு இஸ்திரிப் பெட்டி தேவைப்பட்டது. நாலாவது மூலை காலியானதைப் பார்த்து, மாமா பெரிய மனசு பண்ணித் தன் புது லேப்டாப்பை அங்கே வைத்தார். துணி அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வழுக்கியது.

"இது பத்தாதுங்க. கனமே இல்லை" என்றாள் அக்கா. ஒருவழியாக அதற்கு ஒரு விமர்சனம் கிடைத்தது.

மேஜை இப்போது அக்காவுடையது. மாமா புது லேப்டாப்போடு கூடத்துத் தரையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார். அந்த அடாப்டரோடு இன்னும் பஞ்சாயத்து நடக்கிறது. நேற்று நான் போயிருந்தபோது, சார்ஜரைச் செருகுவதற்காக ஒரு கையைத் தரையில் ஊன்றி, இன்னொரு கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"அம்மாடி!"

மேஜையருகில் நின்ற அக்காவின் கத்தரி ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி வெட்டத் தொடங்கியது.