வடக்கைத் திருப்பிய சட்டை

என் அண்ணி கல்லைத் துளைப்பவள். இப்படிச் சொன்னதும் "குவாரியா?" என்று கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குவாரியும் இல்லை, கிணறும் இல்லை! பல்கலைக்கழகப் பாறை ஆய்வகத்துக்காகக் கை இயந்திரத்தால் பாறையில் கட்டைவிரல் பருமனுக்குத் துளை போட்டு, உள்ளிருக்கும் கல்லை உருளையாக எடுப்பது அவள் வேலை. உருளையை உருவுமுன் அதன்மேல் ஒரு கோடு கீறி, துளை எந்தத் திசையைப் பார்க்கிறது என்று குறிக்க வேண்டும். வெயில் அடித்தால் நிழலை வைத்துக் குறிப்பாள். மேகம் மூடினால் திசைகாட்டியை வைத்து.

சாலையை அகலப்படுத்த மலையை வெட்டிக்கொண்டிருந்த நேரம். என் ரொட்டி வேனில் பக்கத்தில் உட்கார்ந்து வந்த அண்ணி திடீரென்று, "நிறுத்துடி, நிறுத்து!" என்று கத்தினாள். யார் மேலாவது ஏற்றிவிட்டேனோ என்று பதறிப்போய் பிரேக்கை மிதித்தேன். பின்னால் ரொட்டித் தட்டெல்லாம் கடகடவென்று சரிந்தது.

வெளிறிய கிரானைட் மலையின் வெட்டு முகத்தில், மேலிருந்து கீழ்வரை ஒரு கறுப்புப் பட்டை ஓடியது.

"இதுக்கா? பாதி உசிரு போயிடுச்சு அண்ணி!"

"போகட்டும், இதைப் பாரு! ரெண்டு பெரிய நிலம் மோதிச் சேர்ந்தப்போ அடியில உருகின கல்லு ஆறித்தான் இந்த வெளிறின மலை. கோடிக்கணக்கான வருஷம் கழிச்சு அதே நிலம் கிழிய ஆரம்பிச்சுது. கிழிசல் வழியா கொதிச்சு ஏறி உறைஞ்சதுதான் இந்தக் கறுப்பு. சேர்ந்ததுக்கும் சாட்சி, பிரிஞ்சதுக்கும் சாட்சி. ரெண்டும் தோளோட தோள் உரசிக்கிட்டு நிக்குது!"

"சரி, கிழிஞ்ச இன்னொரு பாதி எங்க?"

"கடலுக்கு அந்தப் பக்கம்." சொல்லிக்கொண்டே இறங்கிப்போய்ப் பட்டையைத் தொட்டுப் பார்த்தாள். எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

அந்தக் கரையிலும் இதே வயதுக் கறுப்புப் பட்டைகள் இருக்கின்றன. ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவைதானா என்பதுதான் கேள்வி. உருகிய கல் ஆறும்போது, அந்தக் காலத்து வடக்கைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். இரண்டு நிலங்களையும் வரைபடத்தில் பழையபடி ஒட்டிப் பார்த்தால் இரண்டு பட்டைகளின் வடக்கும் ஒரே பக்கம் காட்ட வேண்டும். என் அண்ணன் தையல்காரன். அவனுக்கு இது உடனே விளங்கிவிட்டது. "கோடு போட்ட துணியை வெட்டினா ரெண்டு துண்டுலயும் கோடு பொருந்தணும். இதுல என்ன அதிசயம்?" என்றான், என்னவோ கண்டங்களைத் தானே வெட்டியவன் மாதிரி.

ஆய்வகத் தலைவி பட்டும் படாமலும் பேசுகிறவர். "பொருந்தினா அந்தக் கரையிலயும் நீங்கதான் வந்து துளைக்கணும். பொருந்தலேன்னா இந்தப் பட்டையை இதோட விட்டுடலாம்," என்றார். அன்றிலிருந்து அண்ணிக்குச் சோறு இறங்கவில்லை. விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி, ஏறியதில்லை. அந்தக் கரைக் கல்லைத் தன் கையால் தொட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

துளைக்கப் போன நாளெல்லாம் மூட்டமும் குளிரும். துளை போடுமுன் இடம் பார்க்கப் போன முதல் நாளே, ஈரக் கையுறையோடு பித்தான் போட முடியவில்லை என்று அண்ணி அலுத்துக்கொண்டாளாம். அண்ணன் அன்றைக்கே கடையை மூடிவிட்டு ஒரு தடித்த சட்டை தைத்து நீட்டினான். கிட்டே கொண்டுபோனால் தானே 'டக்' என்று ஒட்டிக்கொள்ளும் பித்தான்கள்! தெருவே மெச்சியது.

ஆய்வகத்திலிருந்து கணக்கு வந்தது. பொருந்தவில்லை. ஒவ்வொரு துளையின் வடக்கும் ஒவ்வொரு பக்கம் பார்த்தது.

"என் கை தப்பாது," என்றாள் அண்ணி. கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்துவிட்டாள். போதாக்குறைக்கு, மண் சரியாமல் இருக்க மறுநாள் வெட்டு முகம் முழுக்க சிமெண்ட் அடிக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது.

மறுநாள் விடிந்ததும் அண்ணி அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தன் பட்டையைக் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டு வரக் கிளம்பினாள். வாசலில் அண்ணனின் குண்டூசி டப்பாவை நான் காலால் தட்டிவிட்டேன். அண்ணி பொறுக்கக் குனிந்தாள். ஊசிகள் தரையிலிருந்து எழும்பி அவள் சட்டைப் பித்தான்களில் போய் ஒட்டிக்கொண்டன.

ஊசிகளை அண்ணி ஒன்றொன்றாகப் பிய்த்துப் பார்த்தாள்.

"ஏங்க," என்றாள் அண்ணி மெதுவாக, "இந்தப் பித்தானுக்குள்ள என்ன இருக்கு?"

"காந்தம்..." என்ற அண்ணனின் முகம் வெளுத்தது.

"காந்தமா! இதைப் போட்டுக்கிட்டுத்தானே ஒவ்வொரு துளைக்கும் குனிஞ்சு திசைகாட்டியைப் பார்த்தேன்! முள்ளு வடக்கைப் பார்க்கல, என் சட்டையைப் பார்த்திருக்கு!"

நான் அண்ணனைப் பார்த்த பார்வையில் அவன் எரிந்து சாம்பலாகியிருக்க வேண்டும். "ஆசையாத் தைச்சதுடி," என்றான் பாவம். அண்ணியோ சிரித்தாள். சிரித்துக்கொண்டே சட்டையைக் கழற்றி வீசினாள். "கல்லோட வடக்கு கெடல, நான் குறிச்ச திசைதான் கெட்டுது! துளையெல்லாம் அங்கேயேதான் இருக்கு, மறுபடி அளந்தா போதும். வண்டியை எடுடி!"

எடுத்தேன் பாருங்கள்! அன்றைக்கு ஊருக்கு ரொட்டி தாமதம்தான், திட்டட்டும். போகிற வழியிலேயே அண்ணி தலைவிக்கு போன் போட்டாள். "மேடம், தப்பு என்னோடதுதான். சட்டையில காந்தம். சிமெண்ட் அடிக்கிறதுக்குள்ள மறுபடி அளக்கப் போறேன்," என்றாள். "நானும் வர்றேன், சிமெண்டை நிறுத்தி வைங்க!" என்று அந்த அம்மாள் கத்தியது எனக்கே கேட்டது.

சிமெண்ட் குழாய் ஏற்கெனவே மலையைப் பார்த்து நின்றது. நான் வேனைக் குழாய்க்கும் மலைக்கும் நடுவில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு இறங்கினேன்.

"வண்டியை எடும்மா!" என்றார் மேற்பார்வையாளர்.

"ஸ்டார்ட் ஆகலை!" என்றேன். பொய்தான். அதற்கென்ன இப்போது? ரொட்டியைப் பிய்த்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தேன். வாயில் ரொட்டியோடு எவ்வளவு நேரம் சண்டை போடுவார்கள்?

அந்த நேரம் பார்த்து மேகம் விலகியது. வெயில்! அண்ணி ஒவ்வொரு துளைக்குள்ளும் அளவுகோலைச் செருகி நிழலைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, வந்து சேர்ந்த தலைவி குறித்துக்கொண்டார். கடைசித் துளை முடிந்ததும் வேன் சமத்தாக ஸ்டார்ட் ஆனது. கறுப்புப் பட்டை எங்கள் கண்ணெதிரே சிமெண்டுக்குள் மறைந்தது. அண்ணி அழுதாள். நானும்தான்.

பொருந்திவிட்டது! எல்லாத் துளைகளும் ஒரே வடக்கைக் காட்டின. நிலங்களை ஒட்டிப் பார்த்தபோது அந்தக் கரையின் வடக்கும் அதோடு சேர்ந்து நின்றது. தலைவி வீட்டுக்கே வந்து, அண்ணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார். பட்டும் படாமலும் பேசுகிறவராம்!

அண்ணன் புதுச் சட்டை தைத்தான். பித்தானே இல்லை, எல்லாம் துணி நாடா. தானே மடித்து அண்ணியின் பயணப் பெட்டியில் வைத்தான். அவன் சரியாகத் தூங்கிப் பல நாளாகியிருந்தது.

அந்தக் கரையிலிருந்து அண்ணி பேசினாள். "ஏண்டி, அதே வெளிறின கல்லு, அதே கறுப்பு! கையை வெச்சேன், நம்ம ரோட்டோரத்துல நிக்கிற மாதிரியே இருந்துச்சு. போனை அவர்கிட்ட குடு."

அண்ணன் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "சட்டை... சரியா இருக்கா?"

"குளிருக்கு இதமா இருக்குங்க," என்றாள் அண்ணி. "வடக்கும் வடக்குலயே இருக்கு."